வசிப்பு அட்டையின் ஒரு வரி

வேலைக்காக ஜப்பான் போகும் ஒருவர் நரிதா விமான நிலையத்தில் இறங்கியதும் குடிநுழைவு மேசையிலேயே அவர் கையில் ஓர் அட்டையைத் தருகிறார்கள். ஏடிஎம் அட்டை அளவுதான் இருக்கும். 'ஜைரியூ கார்டு' என்பார்கள். வசிப்பு அட்டை எனலாம். பெயர், பிறந்த தேதி, நாடு, புகைப்படம், காலாவதி நாள் ஆகியவற்றோடு, எந்தத் தகுதியில் அவர் அந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லும் ஒரு வரியும் அதில் இருக்கும். மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளலாமா, ஒத்துவராத கம்பெனியை விட்டு வேறொன்றுக்கு மாறலாமா, பத்தாண்டு கழித்து அங்கேயே தங்க மனு போடலாமா என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

அட்டை அச்சாவது நரிதாவில். ஆனால் அந்த வரி முடிவாவது பெரம்பலூரில், அரியலூரில், ஜெயங்கொண்டத்தில். ஒரு கல்லூரியின் பிளேஸ்மென்ட் அறையிலோ, பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் இருக்கும் ஏஜென்ட்டின் மேசையிலோ, பையனும் அப்பாவும் கையெழுத்துப் போடும் நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவர்களுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் அக்கறை.

வெளிநாடு இந்த இரு மாவட்டங்களுக்கும் புதிதல்ல. லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் பக்கம் 'சபர்' என்றால் வீட்டுக் குழந்தைக்கும் பொருள் தெரியும். அது வளைகுடாப் பயணம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களில் சிங்கப்பூருக்கு 'டெஸ்ட் அடித்து', அதாவது திறன் தேர்வு முடித்துப் போனவர் இல்லாத தெரு குறைவு. வானம் பார்த்த மண் இது. பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். அரியலூரில் முந்திரியும், பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல்லும். அந்தக் கல்லை நம்பி 1979-இல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. ஆனால் சிமென்ட் ஆலைக்கு இயந்திரம் வேண்டிய அளவுக்கு ஆள் வேண்டாம். லாரிகள் பெருகிய வேகத்தில் வேலைகள் பெருகவில்லை.

இதற்கிடையில் படிப்பில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 2010-இல் முதல் பட்டதாரிக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. பெரம்பலூரைச் சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும், தாத்தா கைநாட்டு, அப்பா பத்தாம் வகுப்பு, மகள் பி.இ. என்ற குடும்பங்கள் இன்று ஏராளம். அந்த வீட்டில் அந்தப் பட்டம் சுவரில் மாட்டிய சட்டம் மட்டுமாக இருந்துவிடக் கூடாது. ஜப்பானியக் குடிநுழைவுச் சட்டத்தில் அதற்குத் திட்டமான மதிப்பு உண்டு. அந்த மதிப்பை அறியாமல் விட்டுக்கொடுப்பதைப் போன்ற இழப்பு வேறில்லை.

ஜப்பானுக்கு ஆள் தேவைப்படுகிறது என்பதில் ஐயமில்லை. அந்நாட்டின் உழைக்கும் வயதினர் 1995-இல் சுமார் 8.7 கோடி, இன்று 7.4 கோடிக்கும் குறைவு. தகவல் தொழில்நுட்பத்தில் மட்டும் 2030-க்குள் 7.9 லட்சம் பேர்வரை பற்றாக்குறை வரலாம் என்று அந்நாட்டுப் பொருளாதார அமைச்சகம் 2019-இல் கணித்தது. 2024 அக்டோபரில் அங்கே வேலை செய்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 23 லட்சத்தைத் தொட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும், ஐந்தாண்டுகளில் இருதரப்பிலுமாக 5 லட்சம் பேர் போய்வரும் திட்டத்தை அறிவித்தன. அதில் 50,000 பேர் இந்தியாவிலிருந்து போகும் திறன்பெற்றவர்கள். இந்த எண்களைச் சொல்லித்தான் பையன்களை அழைக்கிறார்கள். எண்கள் சரிதான். எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதை எண்கள் சொல்வதில்லை.

சிங்கப்பூரை அறிந்த நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், ஈ பாஸ் மூன்றும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரியும். ஜப்பானிலும் அப்படியே மூன்று வாசல்கள். முதலாவது, 1993-இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டம், 'கினோ ஜிஷ்ஷூ'. பயிற்சி என்று பெயர், நடப்பது வேலை. கம்பெனி மாற வழியில்லை, குடும்பத்தை அழைக்க வழியில்லை. அந்நாட்டிலேயே கடும் கண்டனத்துக்கு ஆளாகி, 2024-இல் நிறைவேறிய சட்டத்தின்படி 2027-இல் இதன் இடத்தில் புதிய முறை வருகிறது. தொழிற்பயிற்சித் திட்டத்துக்கான இந்திய ஒப்பந்தம் 2017-இல் கையெழுத்தானது. இரண்டாவது வாசல், 2019 ஏப்ரலில் திறந்த 'தொகுதெய் கினோ'. நம்மவர் வாயில் எஸ்.எஸ்.டபிள்யூ. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், உணவு தயாரிப்பு, விவசாயம் போன்ற குறித்த துறைகளுக்கானது. திறன் தேர்வும் அடிப்படை மொழித் தேர்வும் எழுத வேண்டும். முதல் படியில் மொத்தம் 5 ஆண்டுகள்தான். குடும்பம் வர முடியாது. இரண்டாம் படிக்கு ஏறினால் அந்தக் கட்டு அவிழும். இந்தியா 2021 ஜனவரியில் இதற்கு ஒப்பந்தம் போட்டது.

மூன்றாவது வாசல்தான் பொறியாளருடையது. அதன் முழுப்பெயர் நீளம்: 'தொழில்நுட்பம், மானுட அறிவு, சர்வதேசப் பணி'. அங்கே அதை 'கிஜின்கொகு' என்று சுருக்குகிறார்கள். நம் பிள்ளைகள் 'இன்ஜினியர் விசா' என்கிறார்கள். செய்யப்போகும் வேலையோடு தொடர்புள்ள பட்டம் வேண்டும், அல்லது பத்தாண்டு அனுபவம் வேண்டும். அதே வேலைக்கு ஒரு ஜப்பானியருக்குக் கிடைக்கும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது விதி. 1, 3, 5 ஆண்டுகள் என்று நீட்டித்துக்கொண்டே போகலாம். மனைவி, பிள்ளைகள் உடன் வரலாம். தகுதிக்கு உட்பட்ட வேலையாக இருந்தால் கம்பெனி மாறலாம். மாறிய 14 நாட்களுக்குள் குடிநுழைவு முகமைக்குத் தெரிவித்தால் போதும். நிரந்தர வசிப்புக்குப் பொதுவாகப் பத்தாண்டு வேண்டும். அதில் 5 ஆண்டு வேலைத் தகுதியோடு இருந்திருக்க வேண்டும். தொழிற்பயிற்சியிலும் எஸ்.எஸ்.டபிள்யூ. முதல் படியிலும் உழைத்த காலம் அந்த 5 ஆண்டுக் கணக்கில் சேராது.

சொல்ல வந்ததன் மையம் இதுதான். பி.இ. முடித்தவர் எஸ்.எஸ்.டபிள்யூ. வழியில் போகச் சட்டம் தடை சொல்வதில்லை. சீக்கிரம் கிளம்பலாம், மொழியும் கொஞ்சம் போதும். வீட்டில் கடன் நெருக்கும்போது அந்தச் சீக்கிரம் இனிக்கும். நான்காண்டுப் படிப்பால் கிடைத்த உரிமையை அட்டை அச்சாகும் நாளிலேயே இழந்துவிடுகிறோம் என்பது போன பிறகுதான் உறைக்கிறது. பராமரிப்பு வேலையோ கட்டுமான வேலையோ தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. பட்டம் இல்லாத பிள்ளைக்கு அது நேர்மையான நல்ல வழி. பட்டம் உள்ள பிள்ளை அதைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாமல் விழக் கூடாது. பின்னாளில் பொருந்தும் வேலை கிடைத்தால் பொறியாளர் தகுதிக்கு மாற மனு செய்ய முடியும் என்பதையும் அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மறுபக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பொறியாளர் தகுதியில் அழைத்துப் போய், தொழிற்சாலை வரிசையில் நிறுத்திப் பெட்டி கட்டச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் பயிற்சியாகச் சில மாதம் உற்பத்தித் தளத்தில் நிற்பது வழக்கம், அதற்கு அனுமதியும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதுவே வேலை என்றால் அந்தத் தகுதிக்குப் பொருந்தாது. நீட்டிப்பு மறுக்கப்பட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியவர் நம் பிள்ளைதான். ஆகவே சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி: என் முதலாளி யார்? வேலை வாங்கும் கம்பெனியா, அல்லது ஆளை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பும் 'ஹாகென்' கம்பெனியா? இரண்டாவது சட்டவிரோதம் அல்ல. ஆனால் அனுப்பப்படும் இடமும் வேலையும் மாறிக்கொண்டிருக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழியின் நடைமுறை வளைகுடா வழியிலிருந்து அடிப்படையிலேயே வேறு. அங்கே விசா ஏஜென்ட் கையில் வரும். இங்கே வேலை தரும் கம்பெனிதான் ஜப்பானில் குடிநுழைவு அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் 'தகுதிச் சான்று' வாங்குகிறது. அந்தச் சான்றுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. அது வந்தபின் சென்னையிலுள்ள துணைத் தூதரக வழியில் விசா. இந்தியாவில் உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். அதற்குமேல் லட்சக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று கேட்க வேண்டும். ரசீது கேட்க வேண்டும். உரிமம் உண்டா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். 1978 முதல் தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது என்பதுகூட நம் கிராமங்களில் பலருக்குத் தெரியாது.

'இரண்டு வருஷத்துக்குள் விட்டுப் போனால் இவ்வளவு லட்சம் யென் கட்ட வேண்டும்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கமும் இருக்கிறது. ஜப்பானின் 1947-ஆம் ஆண்டுத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று முதலாளி முன்கூட்டியே குறிப்பதைத் தடை செய்கிறது. 15-ஆம் பிரிவு, சம்பளம், வேலை நேரம் போன்ற நிபந்தனைகளை எழுத்தில் தரச் சொல்கிறது. 3-ஆம் பிரிவு, நாட்டினத்தைக் காட்டிச் சம்பளத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

வெளிநாட்டுப் பொறியாளரை ஜப்பான் அழைப்பது இது முதல் முறை அல்ல. 1868-க்குப் பின் வந்த மெய்ஜி அரசு, 'ஒயாதோய் கைகொகுஜின்' என்ற பெயரில் மேல்நாட்டு நிபுணர்களைப் பெரும் சம்பளத்தில் அமர்த்தியது. எட்மண்ட் மோரல் ரயில் பாதை போட வந்தார். ஹென்றி டயர் 1873-இல், 24 வயதில், பொறியியல் கல்லூரி தொடங்க வந்தார். அமெரிக்கர் பெஞ்சமின் ஸ்மித் லைமன் அதே ஆண்டு வந்து, 1876-இல் ஹொக்கைடோ தீவின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். அந்தத் தீவின் பாறைகளில் சுருள்சுருளாக அம்மோனைட் தொல்லுயிர்கள் கிடைக்கின்றன. அவற்றில் சில நம் மண்ணுக்கு உறவு. 'அனகாட்ரிசெரஸ் சாக்யா' என்ற இனம், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் தென்னிந்தியப் படிவுகளிலிருந்து கிடைத்ததை வைத்துப் பெயரிட்டது. அது ஹொக்கைடோவிலும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, குளக்காநத்தம் பக்கம் மழைக்குப்பின் ஓடைக்கரையில் நடந்தவர்கள் அந்தச் சுருள் கற்களைப் பார்த்திருப்பார்கள். கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே அலையடித்த கடலில் நீந்திய உயிர்களின் உறவினம் அங்கும் நீந்தியிருக்கிறது. சொந்த ஊரைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மெய்ஜிக் காலத்து வெளிநாட்டவர் கற்றுக்கொடுக்க வந்தவர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர்களிடம் படித்த ஜப்பானியர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். இன்று போகிறவர் கற்றுக்கொள்ளப் போகிறார். அங்குள்ளவரோடு ஒருவராகச் சேரப் போகிறார். அதுதான் கடினம். ஜப்பானியக் கம்பெனி பெரும்பாலும் குறித்த வேலைக்கு ஆள் எடுப்பதில்லை. கம்பெனிக்கு ஆள் எடுக்கிறது. அங்கேயே ஒரு சொல் விளையாட்டு உண்டு: வேலையில் சேர்வது 'ஷூஷொகு', கம்பெனியில் சேர்வது 'ஷூஷா', நடப்பது இரண்டாவதுதான் என்பார்கள். தொழிலாளர் ஆய்வாளர் ஹமகுச்சி கெய்இச்சிரோ இதற்கு 'உறுப்பினர் முறை வேலை' என்று பெயர் வைத்தார். ஏப்ரல் 1-ஆம் தேதி, கல்லூரி முடித்த அத்தனை பேரும் ஒரே நாளில் சேர்கிறார்கள். மெக்கானிக்கல் படித்தவரை மூன்று ஆண்டு கழித்துக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றலாம். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு அனுப்பலாம். 'என் படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்பவர் அங்கே தனியாகத் தெரிவார். நம் ஊரில் கூட்டுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போன பெண்களுக்கு இந்த முறை எளிதில் புரியும். இன்ன வேலைதான் செய்வேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் அந்த வீட்டுக்குள் போவதில்லை.

இதன் ஒரு பகுதியை நம் பிள்ளைகள் போகுமுன்பே பார்த்துவிடுகிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளில் டிப்ளமோ முடித்துச் சேர்ந்தவர் யாரைக் கேட்டாலும் ஃபைவ் எஸ், கைசன், போகா-யோகே, கெம்பா எல்லாம் சரளமாகச் சொல்வார். அவை ஜப்பானிலிருந்து வந்தவை என்ற நினைப்பே இல்லாமல் சொல்வார். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஹொசுமி கோஇச்சி என்பவர் முயற்சியில் 1959-இல் தொடங்கிய ஏ.ஓ.டி.எஸ். என்ற அமைப்பு, ஆசிய நாட்டுப் பொறியாளர்களை ஜப்பானுக்கு அழைத்துப் பயிற்சி தந்தது. அப்படிப் போய்வந்த தமிழகத்தவர் கூடி அமைத்த ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற முன்னாள் பயிற்சியாளர் சங்கம்தான் இன்றும் சென்னையில் ஜப்பானிய வகுப்பு நடத்துகிறது, மொழித் தேர்வையும் நடத்துகிறது. தரத்துக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் பெற்ற முதல் இந்திய நிறுவனம் சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன், 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. எனவே ஆலைத் தளத்து ஒழுங்கு நமக்கு அந்நியமில்லை. அந்நியமாக இருப்பது அலுவலகத்துப் பேச்சு.

அந்தப் பேச்சின் முதல் பாடம் 'ஹோ-ரென்-சோ'. அறிவித்தல், தொடர்பில் இருத்தல், கலந்து பேசுதல் என்ற மூன்று சொற்களின் முதல் அசைகளைச் சேர்த்தது. கீரை ஒன்றின் பெயரும் அதுவே என்பதால் மறக்காது. நம் பொறியாளருக்கு ஒரு வேலை தந்தால் முடித்துக்கொண்டுவந்து காட்டுவதுதான் பெருமை. இடையில் போய், 'பாதி முடிந்தது, இந்த இடத்தில் சந்தேகம், நாளை மாலைக்குள் தெரியும்' என்று சொல்வது நமக்குத் திறமைக் குறைவாகப் படுகிறது. அங்கே நேர்மாறு. சொல்லாமல் இருந்து நல்லபடி முடித்தவரைவிட, தடங்கலை முதல் நாளே சொன்னவரை நம்புவார்கள். கெட்ட செய்தியை முதலில் சொல் என்பது எழுதாத விதி. இதை அறியாமல் மூன்று மாதம் தலைகுனிந்து உழைத்துவிட்டு, 'என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை' என்று வருந்துகிறவர்கள் உண்டு. மேலதிகாரியும் அவரைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

வேறு சில நுட்பங்கள் நமக்குக் கைவந்தவை. 'கென்தோ ஷிமாஸ்' என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், நேர்ப்பொருள் 'ஆலோசிக்கிறோம்'. உட்பொருள் பெரும்பாலும் 'வேண்டாம்'. அமெரிக்கருக்கு இது புரியாத புதிர். நமக்கு இதில் என்ன புதிர்? பெண் பார்க்க வந்தவர்கள் 'பார்க்கலாங்க, சொல்லி அனுப்புறோம்' என்று எழுந்தால் வீட்டில் யாருக்காவது விளக்கம் தேவைப்படுமா? மரியாதை விகுதிகளும் அப்படித்தான். 'வா, வாங்க' வேற்றுமையோடு வளர்ந்தவருக்கு ஜப்பானிய மரியாதைப் பேச்சின் தேவை புரிந்துவிடும். ஆனால் ஓரிடத்தில் நம் வளர்ப்பே குறுக்கே நிற்கும். வெளியாரிடமிருந்து தொலைபேசி வருகிறது, மேலாளர் தனகா இருக்கிறாரா என்று. அப்போது 'தனகா-சான்' என்று சொல்லக் கூடாது; மரியாதை ஒட்டை நீக்கி, வெறும் 'தனகா' என்று, தாழ்த்திய வினைச்சொல்லோடு சொல்ல வேண்டும். வெளியாரிடம் பேசும்போது நம் கம்பெனி முழுவதும் 'உள்'. உள்ளே இருப்பவரை உயர்த்திச் சொல்வது எதிராளிக்கு மரியாதைக் குறைவு. மேலாளரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பேர் சொல்லிக் குறைத்துச் சொல்ல நம் நாக்கு எழாது. வேற்றாரிடம் அப்பாவை 'அவன்' என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? இலக்கணம் ஒரு வாரத்தில் பிடிபடும். நாக்கின் கூச்சம் தெளியப் பல மாதமாகும்.

மொழியைப் பற்றி நம் மாணவர்களிடம் பெரிய அச்சம் இருக்கிறது. பாதி அச்சத்தை முதல் வகுப்பிலேயே போக்கிவிடலாம். ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்குகிறது. மெய் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹ-வரிசை பண்டைக்காலத்தில் ப என்று ஒலித்தது என்பது மொழியியலார் முடிவு. ஹ-வை எடுத்துவிட்டு ப-வை வைத்துப் படியுங்கள்: நம் அரிச்சுவடி காதில் விழும். பௌத்தத்தோடு போன சித்தம் எழுத்துகளின் இந்திய வரிசைமுறை அங்கே பதிந்ததன் தடம் அது. வாக்கிய அமைப்பும் அப்படியே. 'வதாஷி வா கினோ கைஷா நி இகிமாஷிதா': நான், நேற்று, கம்பெனி, -க்கு, போனேன். 'நி' நம் 'கு' உருபு உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் தலைகீழாகத் திருப்பிப் போடும் வாக்கியத்தை நாம் நேராகவே போடலாம். ஆகவே ஜப்பானிய மொழியைத் தமிழ் வழியாகக் கற்பிப்பதுதான் முறை. ஆங்கிலப் பாடநூலை வைத்துக்கொண்டு திணறுவது வீண் சுற்று. சுசுமு ஓனோ என்ற அறிஞர் ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் பிறப்புறவே உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பெருமைக்காக நாம் அதைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அமைப்பு ஒத்துப்போவதே படிப்பவருக்குப் போதிய உதவி.

மலை வேறிடத்தில் இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக் கான்ஜி எழுத்துகள் 2,136. அவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது. நாள்தோறும் எழுதி எழுதித்தான் ஏற வேண்டும்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை அப்பா பெயரால் நிரப்புகிறோம். ஜப்பானில் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, அலுவலகத்தில் நம் பொறியாளரை எல்லோரும் அவருடைய அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முருகேசன் மகன் அங்கே முருகேசன்-சான். பெயரைக் கதகானா எழுத்தில் எழுதும்போது ல, ள, ழ மூன்றும் ர ஆகிவிடும். வ பெரும்பாலும் ப ஆகும். வங்கிக்கு ஒரு மாதிரி, கம்பெனிக்கு ஒரு மாதிரி எழுதிவிட்டால் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பும். முதல் நாளே ஓர் எழுத்துமுறையை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே தர வேண்டும். ஊர்ப் பெயரையும் அவர் ஒருநாள் அந்த எழுத்தில் எழுதிப் பார்ப்பார்: அரியரூரு.

சம்பளத்தைப் பற்றி ஊரில் சொல்லப்படும் கணக்கு எப்போதும் மொத்தத் தொகை. மாதம் 2.5 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியப் பங்கு 18.3 விழுக்காடு, அதில் பாதி ஊழியருடையது. மருத்துவக் காப்பீடு, வேலையிழப்புக் காப்பீடு, வருமான வரி எல்லாம் போகக் கைக்கு வருவது 2 லட்சத்துக்குச் சற்று மேல். வாடகைக்கு வீடு பிடிக்க முன்பணம், வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம், உத்தரவாதக் கம்பெனிக் கட்டணம் என்று முதலிலேயே நாலைந்து மாத வாடகை போகலாம். அதைவிட அதிர்ச்சி இரண்டாம் ஆண்டு ஜூனில் வரும். உள்ளாட்சிக்குக் கட்டும் வசிப்போர் வரி, முந்தின ஆண்டு வருமானத்தின் மேல் ஜூன் முதல் பிடிக்கப்படுவது. முதல் ஆண்டில் அங்கே முந்தின வருமானம் இல்லாததால் அந்தப் பிடித்தமும் இல்லை. ஊதிய உயர்வு வந்தும் கைக்கு வரும் பணம் குறைந்திருப்பதைப் பார்த்து, கம்பெனி ஏமாற்றுகிறது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. வீட்டுக்கு மாதம் இவ்வளவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர் இரண்டாம் ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். யென்னும் முன்போல இல்லை. 2012-இல் ஒரு யென்னுக்கு ஏறக்குறைய 67 பைசா. 2024 ஜூலையில் 52 பைசா. கல்விக் கடன் ரூபாயில் இருப்பவருக்கு இது சிறிய விஷயமில்லை.

பிடித்த ஓய்வூதியப் பணம் போனது போனதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்திய-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்து எண்ண அது வழிசெய்கிறது. அல்லது, நாடு திரும்பிய இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்து ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெறலாம். ஆனால் அப்படிப் பெற்றுவிட்டால் அந்தக் காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். எது லாபம் என்பது எத்தனை ஆண்டு இருந்தார், மீண்டும் போவாரா என்பதைப் பொறுத்தது. வேலை நேரத்தைப் பற்றிய அச்சத்துக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. 2019 முதல் பெரிய கம்பெனிகளுக்கும் 2020 முதல் சிறியவற்றுக்கும் கூடுதல் நேரத்துக்குச் சட்ட வரம்பு வந்தது: பொதுவாக மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி. சிறப்பு உடன்பாட்டில் அது உயரலாம் என்றாலும் அதற்கும் உச்சம் உண்டு. எல்லா இடத்திலும் இது மதிக்கப்படுகிறது என்று சொல்லமாட்டேன். ஆகவே தன் நேரக் கணக்கைத் தானே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் முன்னால் இருப்பது மொழி. பொறியாளர் தகுதிக்குச் சட்டம் எல்லா வேலைக்கும் பொதுவாக மொழிச் சான்று கேட்பதில்லை. ஆனால் கம்பெனிகள் கேட்கின்றன. பெரும்பாலும் ஜப்பானிய மொழித் தேர்வில் (என்5-இல் தொடங்கி என்1 வரை ஏறும் படிகள்) என்3 அல்லது என்2. எஸ்.எஸ்.டபிள்யூ. வழி பி.இ. படித்தவருக்கு இனிப்பதற்கு ஒரு காரணமே இதுதான்: அங்கே அடிப்படை மொழி போதும், இங்கே அதற்கு மேலே ஓரிரு படி ஏற வேண்டும். இறுதியாண்டு முடிந்து, கடன் தவணை தொடங்கியபின் ஏற ஆரம்பித்தால் மூச்சு வாங்கும். 2010-க்கு முந்தைய பழைய தேர்வு முறை, இன்றைய என்2-க்கு நிகரான படிக்கு 600 மணி நேரப் படிப்பைக் கணக்கிட்டது. கான்ஜி அறியாத நமக்கு அதைவிடக் கூடவே ஆகும். 900 மணி என்று வைப்போம். பி.இ. எட்டுப் பருவம். மூன்றாம் பருவத்தில் தொடங்கி ஏழாம் பருவம் முடிய இரண்டரை ஆண்டு, சுமார் 130 வாரம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 910 மணி. விடுதி அறையில், ஒரு நோட்டில், நாளுக்கு எட்டுப் பத்து எழுத்து.

தேர்வு ஆண்டுக்கு இரு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், முதல் ஞாயிறு. விண்ணப்பம் சில மாதம் முன்பே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் ஆறு மாதம் போயிற்று. இரண்டாம் ஆண்டு மாணவர் டிசம்பரில் என்5 எழுதிப் பழகலாம். தேர்வு எழுதச் சென்னை போக வேண்டும். பெரம்பலூருக்கு ரயில் இல்லை, அரியலூருக்கு உண்டு. பெரம்பலூர்க்காரர் சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுத் திருச்சி-சென்னை சாலையில் பஸ் ஏறினால், விடிவதற்கு முன் சென்னை.